மூன்றாவது படகு

எங்கள் தீவின் தலைநகர் டக்ளஸிலிருந்து சீசர் திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தான். கையிலிருந்த துணியை மீன் தட்டுக்குப் பக்கத்தில் போட்டான். நான் எடுத்து விரித்தேன். மோட்டார் சைக்கிள் பந்தயத்தன்று முதுகில் கட்டிக்கொள்ளும் வெள்ளைத் துணி. நடுவில் கறுப்பாக, பெரிதாக, 3.

"நல்ல நம்பர்தானே! முன்னாடியே கிளம்பிடலாம். மத்தவன் கக்குற எண்ணெய நீ குடிக்க வேண்டாம்," என்றேன்.

"மூணு, எஸ்ஸி."

"எனக்கும் கண்ணு தெரியுது."

"மூணாவதா கிளம்பணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் புருஷன் பீல் துறைமுகத்துக்காரன். அந்த ஊர் மீனவர்களைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். எலியை எலி என்று சொல்ல மாட்டார்கள், நீளவால் என்பார்கள். மறந்து சொல்லிவிட்டால் ஒரு சீட்டி அடித்துத் தோஷம் கழிப்பார்கள். துறைமுகத்திலிருந்து மூன்றாவதாக எந்தப் படகும் வெளியே போகாது. இரண்டாவது படகையும் மூன்றாவது படகையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் வாசலைத் தாண்டும். மூன்றாவதாகப் போன படகைக் கடல் திருப்பித் தராதாம். நான் பல்லா ஊர்க் கொல்லன் மகள். கடல் எனக்குத் தூரத்தில் தெரியும் ஒரு சாம்பல் நிறக் கோடு, அவ்வளவுதான்.

"இது ரோடு, சீசர். ரோட்டுல மீன் பிடிக்கிறதில்ல."

"தெரியும்."

"அரை நிமிஷத்துக்கு ஒருத்தனா கொடி போட்டு விடுவாங்க. உன் கொடி விழுந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். நீ நின்னாலும் ஓடும், போனாலும் ஓடும். புரியுதா?"

"புரியுது."

"அப்ப கொடி விழுந்தா வண்டியத் தள்ளுவியா?"

"தள்ளறேன்."

தட்டில் இருந்த மீனிடம்தான் அதைச் சொன்னான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி நான் கட்டியது. முந்தின வருடம் ஒரு இங்கிலீஷ்காரப் பையன் எங்கள் ஊர்ப் பாலத்துச் சுவரில் மோதி, வண்டியை அப்படியே போட்டுவிட்டு, கையைத் தூளியில் தொங்கவிட்டபடி கப்பல் ஏறிப் போய்விட்டான். அப்பாவின் பட்டறையில் பழைய இரும்போடு கிடந்தது. குளிர்காலம் முழுவதும் நான்தான் அதைப் பிரித்து, வளைந்ததை நிமிர்த்தி, வால்வைத் தேய்த்து, பிஸ்டனை இழைத்து, மறுபடி பூட்டினேன். இரண்டு எட்டு வைத்துத் தள்ளினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது எட்டு தேவைப்பட்டதே இல்லை.

அந்த வசந்த காலத்தில் ராம்சேயில் கராஜ் வைத்திருக்கும் மிஸ்டர் ஷிம்மின் ஒரு கதவுக் கீலுக்காக அப்பாவிடம் வந்தார். வண்டியைப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். காதை வைத்துக் கேட்டார். யார் வேலை என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார்.

"கை நல்ல கைதான்," என்றார் ஷிம்மின். "ஆனா பொம்பளை பூட்டின வண்டிய நம்பி எவன் மலை ஏறுவான்?"

"என் புருஷன் ஏறுவான். செப்டம்பர்ல. பந்தயத்துல," என்றேன். வாய் முந்திவிட்டது. சீசருக்கே அதைப் பிறகுதான் சொன்னேன். பெண்களைப் பந்தயத்தில் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தால் நானே ஏறியிருப்பேன்.

ஷிம்மின் சிரிக்கவில்லை. "சரி. வெள்ளி நகலோட வா. என் கராஜ்ல ரெண்டு மெக்கானிக் இருக்கான். மூணாவது மேஜை காலியா இருக்கு. அது உனக்கு. நகல் இல்லேன்னா அந்தப் பேச்ச மறுபடி எடுக்கக் கூடாது."

வெள்ளி நகல் என்பது வெற்றிக் கோப்பையைப் போலவே செய்த ஒரு சாண் உயரக் குட்டிக் கோப்பை. ஜெயித்தவனுக்கு மட்டும் இல்லை. ஜெயித்தவனின் நேரத்தோடு கமிட்டி கூட்டித் தரும் நிமிடங்களுக்குள் யார் முடித்தாலும் ஒன்று கிடைக்கும். எங்களுக்கு ஜெயிக்கிற ஆசை எல்லாம் கிடையாது. அந்தக் குட்டிக் கோப்பை போதும். அதற்காகக் கோடை முழுவதும் விடியற்காலையில் சீசரை மலைப் பாதையில் விரட்டினேன். கடலுக்குப் போய் வந்த அலுப்போடு, கண் சிவக்க, ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று என்ற எண்ணைத் தவிர வேறு எதற்கும் அவன் பயந்ததில்லை.

பந்தயத்தன்று எங்கள் ஊரில் வெயில். மலைமேல் மட்டும் மேகம். கடல் ராஜா மனன்னன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டுவிட்டான் என்று பக்கத்து வீட்டு மிஸஸ் குவேகின் சொன்னாள். அவளும் நானும் பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டறை வாசலில், கரும்பலகையும் சாக்குக்கட்டியுமாக நின்றோம். டக்ளஸில் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்ற சீசரின் சித்தப்பா மகன் இருந்தான். பந்தயம் மொத்தம் ஆறு சுற்று. என் வேலை, ஒவ்வொரு சுற்றிலும் சீசர் பாலத்தைத் தாண்டும்போது பலகையைக் காட்டுவது. அவன் எந்த நேரக் கணக்கில் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிய வேறு வழி இல்லை.

எதிர்ப்புறச் சுவர்மேல் ஷிம்மின் உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள், கையில் பென்சில், பைக்கடிகாரம். பந்தயம் ராம்சே வழியாகவும் போகும், அங்கே நின்றே பார்த்திருக்கலாம். எங்கள் பாலத்துக்கு வந்திருக்கிறார் என்றால் அது என் வேலையைப் பார்க்கத்தான்.

பாலத்துக் காவல் மிஸ்டர் கிளேக்கிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர். கையில் பட்டை கட்டிவிட்டால் அவர் கவர்னரைக்கூட மதிக்க மாட்டார். மேஜைமேல் டெலிபோன், பக்கத்தில் நோட்டுப் புத்தகம்.

டெலிபோன் அடித்தது. கிளேக் எடுத்துக் கேட்டார். பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"பந்தயம் ஆரம்பிச்சாச்சு. ஒண்ணு போயாச்சு, ரெண்டு போயாச்சு. மூணு கிளம்பல."

நான் பலகையைக் கீழே வைத்தேன்.

"ஏனாம்?" என்று கேட்டார் ஷிம்மின்.

கிளேக் மறுபடி காதில் வைத்துக் கேட்டார். "இன்ஜின் பிடிக்கலையாம். குனிஞ்சு என்னமோ நோண்டிட்டிருந்தானாம். நாலாவது ஆள் போனதுக்கப்புறம்தான் கிளம்பினானாம்."

சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "எஸ்ஸியோட கெட்டில் கொதிக்கலையாம்டா!" என்று ஒருவன் கத்தினான். "டீத்தூள் போட மறந்துட்டாளோ?" என்று இன்னொருவன். ஷிம்மின் செய்தித்தாள் ஓரத்தில் பென்சிலால் எதையோ எழுதினார். அந்த எழுத்துதான் என்னைக் குத்தியது.

இன்ஜின் பிடிக்கவில்லையாம்! இரண்டு எட்டில் பிடிக்கிற இன்ஜின்! எனக்குத் தெரியாதா என்ன நடந்தது என்று? கொடி விழுந்திருக்கும். இவன் கார்புரேட்டரைப் பார்ப்பதுபோலக் குனிந்து நின்றிருப்பான். நாலாம் நம்பர்க்காரன் போனதும் நிமிர்ந்திருப்பான். தன் மூடநம்பிக்கையை ஊருக்குச் சொல்ல வெட்கம். அதனால் பழியைத் தூக்கி என் இன்ஜின்மேல் போட்டுவிட்டான். மனைவி செய்த வண்டிமேல்! அந்த நிமிடத்தில் அவன் என் கைக்குக் கிடைத்திருந்தால் பட்டறைக் குறடால் காதைத் திருகியிருப்பேன்.

"சும்மா இரு, எஸ்ஸி. முகமெல்லாம் செவந்து போச்சு," என்றாள் மிஸஸ் குவேகின்.

"எலி!" என்று கத்தினேன். "எலி, எலி, எலி!"

பாவம், அவள் பதறிப்போய் நாலு தடவை சீட்டி அடித்தாள்.

முதல் நம்பர் வந்தான். பாலத்தின் முதுகில் ஏறி, இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பி, தொப்பென்று இறங்கிப் போனான். பிறகு இரண்டு. பிறகு நான்கு. நாலாம் நம்பரின் புகை அடங்குவதற்குள் என் வண்டியின் சத்தம் கேட்டது. எத்தனை வண்டி வந்தாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஒரு பிசிறில்லை. பாலத்தில் பறந்து, நேராக இறங்கி, அவன் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தான்.

பலகையில் 30 என்று மட்டும் எழுதியிருந்தேன். எழுதும்போது சாக்குக்கட்டி இரண்டாக உடைந்தது.

அவன் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

இரண்டாவது சுற்றில் நாலாம் நம்பரை முந்தியிருந்தான். மூன்றாவது சுற்றில் மலைமேல் எதிரில் கை நீட்டினால் கை தெரியாத மேகம் என்று டெலிபோன் சொன்னது. ஆறு பேர் விழுந்தார்கள், இரண்டு பேர் பள்ளத்தில். கிளேக் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல நான் மூச்சை விடவில்லை. அந்த எண்களில் மூன்று வரவில்லை. வண்டிதான் வந்தது. கோட்டெல்லாம் நனைந்து, காற்றுத் தடுப்புக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டு, வெறுங்கண்ணோடு ஓட்டிக்கொண்டு வந்தான். மேகத்துக்குள் படகு விடத் தெரிந்தவனுக்கு அது புதிதில்லை. மற்றவர்கள் வேகத்தைக் குறைத்த இடத்தில் இவன் குறைக்கவில்லை. ஷிம்மினின் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. கோபத்தோடு கோபமாக எனக்கு ஒரு நம்பிக்கையும் வந்தது. முப்பது விநாடிதானே, பிடித்துவிடுவான், பிடித்தே தீருவான்.

நாலாவது சுற்றில்தான் அது நடந்தது.

ஒரு சுற்று பின்தங்கியிருந்த பதினெட்டாம் நம்பர்க்காரன் இவனுக்குச் சற்று முன்னால் பாலத்தில் ஏறினான். இறங்கும்போது முன்சக்கரம் கோணிக்கொண்டது. விழவில்லை, ஆனால் ரோட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனான். பின்னாலேயே வந்த சீசர் அவனை இடிக்காமல் இருக்க இடது பக்கம் ஒடித்தான். அங்கே கல்சுவர். ஒரு சத்தம். வண்டி சுவரை உரசிக்கொண்டே வந்து, சரியாக எங்கள் பட்டறை வாசலில், என் காலடியில் நின்றது.

இடது கால் வைக்கும் கம்பி முறிந்துபோயிருந்தது. பூட்ஸ் கிழிந்து, கணுக்காலில் ரத்தம்.

என் பின்னால் பத்தடியில் உலை எரிந்துகொண்டிருக்கிறது. சுவரில் ஐம்பது கம்பிகள் தொங்குகின்றன. பொருத்தமான கம்பி எது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

"எஸ்ஸி கின்விக்!" கிளேக் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "தொட்டா ஆட்டம் குளோஸ். ஓட்டுறவன் கையில இருக்கிறத வச்சுத்தான் சரி பண்ணணும். தெரியுமில்ல?"

"நான் எங்கே தொட்டேன்?"

"வாயாலயும் கூடாது. இப்படிப் பண்ணு, அப்படிப் பண்ணுன்னு ஒரு வார்த்தை வந்தா, அதையும் உதவின்னு எழுதிடுவேன்."

வாயாலும் கூடாதாம். என்னிடம்! கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நான் சொல்லிக்கொடுக்காமல் அந்த மனுஷன் ஒரு திருகாணியைத் திருகியதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். மனதுக்குள் மட்டும் கத்தினேன்: பின்பக்க போல்ட்டைக் கழற்று, வலது கம்பியை இந்தப் பக்கம் மாற்று, வலது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போ!

சீசர் என்னைப் பார்க்கவில்லை. முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். பையிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்தான். போல்ட்டைக் கழற்றப்போகிறான் என்று நினைத்தேன். இல்லை. முறிந்த கம்பியின் மிச்சத்தோடு ஸ்பானரை ஒட்டி வைத்தான். கோட்டுக்குள் கையை விட்டு ஒரு சுருணையை எடுத்தான். தார் பூசிய வலைக்கயிறு! காலையில் அதைப் பையில் திணித்தபோது, "இதெதுக்கு? மலைமேல மீன் பிடிக்கப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தவள் நான்.

சுற்றினான். குறுக்கே போட்டான். பல்லால் இழுத்தான். மறுபடி சுற்றினான். அந்தக் கை என்ன வேகம் என்கிறீர்கள்! ஆடும் படகில், பனியில், விரல் மரத்துப்போன நேரத்தில் வலை கட்டிப் பழகிய கை. நான் சொன்னபடி செய்திருந்தால் ஆறு நிமிடம் ஆகியிருக்கும், அந்தப் பூட்டைப் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா? அவன் இரண்டே நிமிடத்தில் முடித்தான். ஸ்பானர்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தான். அசையவில்லை.

எழுந்தவன் உடனே வண்டியைத் தள்ளவில்லை. கிளேக்கின் பக்கம் திரும்பினான். எதிர்ச்சுவரில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற குரலில் பேசினான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மிஸ்டர் கிளேக், புத்தகத்துல எழுதிக்கங்க. காலையில இன்ஜின் பிடிக்காம நிக்கல. நான்தான் நின்னேன்."

"என்னது?"

"மூணாவதா கிளம்ப மனசு வரல. நாலாவது ஆள விட்டுட்டுப் போனேன். குத்தம் என்னோடது. வண்டிமேல இல்ல."

 எதிர்ச்சுவரில் சிரிப்பு வெடித்தது. "கயிறு கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கலாமேப்பா!" "ஏய், மூணாவது படகு!" சீசரின் காது சிவந்தது. அவன் கைப்பிடியைப் பிடித்தான்.

ஓர் எட்டு. இரண்டு எட்டு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஷிம்மின் சுவரிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தார். அவர் கண் வண்டிமேல் இருந்தது.

நான் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டு, பேசாமல் அடக்கிவைத்த அத்தனை வார்த்தையையும் மிஸஸ் குவேகினிடம் கொட்டினேன். திட்டினேனா, பாராட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொன்னேன்.

ஐந்தாவது சுற்றில் வந்தான். ஆறாவதிலும் வந்தான். கட்டு அவிழவில்லை. அவன் பாலத்தில் எழும்பும்போதெல்லாம் கூட்டம் "மூணாவது படகு!" என்று கத்தியது. அவன் தலையைத் திருப்பவில்லை. டாங்கிமேல் மூக்கு உரசும்படி குனிந்து போனான். அதற்குமேல் அந்த வண்டியில் வேகம் இல்லை, இருந்திருந்தால் அதையும் எடுத்திருப்பான்.

நாலு மணிக்கு மேல் டெலிபோன் அடித்தது. கிளேக் கேட்டார். ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார். அந்த மனுஷனுக்குக்கூடக் குரல் இறங்கிவிட்டது.

"முடிச்சிட்டான், எஸ்ஸி. பதினாலாவது இடம். நகல் நேரத்துக்கு மேல..." நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். "இருபத்திரண்டு விநாடி."

இருபத்திரண்டு. முப்பதில் இருபத்திரண்டு. நின்றதில் பாதி நேரம் மட்டும் நின்றிருந்தால்கூட... இல்லை, பாதி போதாது. ஆனால் நிற்காமல் போயிருந்தால் எட்டு விநாடி மிச்சம். நான் நிமிர்ந்து பார்த்தபோது எதிர்ச்சுவர் காலி. ஷிம்மின் போய்விட்டார்.

சாயங்காலம் சீசர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் வந்தான். நான் நாள் முழுக்கத் தீட்டி வைத்திருந்ததை எல்லாம் அவன் தலையில் இறக்கினேன். என் குளிர்காலம், என் கை, என் மேஜை, ஊர்ச் சிரிப்பு, ஒன்றையும் விடவில்லை. அவன் உலைக்குப் பக்கத்தில் நின்று கேட்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னான்.

"டேனி போன அன்னிக்கு நான் ரெண்டாவது படகுல இருந்தேன்."

டேனி அவன் அண்ணன். கடலோடு போனவன். அது எனக்குத் தெரியும். இது தெரியாது.

"மீன் கூட்டம் வந்திருக்குன்னு ஒரே அவசரம். கயித்த எறிஞ்சு அவன் படகோட கட்ட வேண்டியவன் நான். பதினாறு வயசு எனக்கு. கயிறு கால்ல சிக்கிக் கெடந்துச்சு. போகட்டும், ஒரு நாள் கட்டலேன்னா என்னன்னு விட்டுட்டேன். டேனி பார்த்துக் கை காட்டுறான், எறிடா எறிடான்னு. நான் சிரிச்சேன், எஸ்ஸி. அவன் படகு மூணாவதா வெளிய வந்துச்சு."

அந்தப் படகு திரும்பி வரவில்லை.

"யார்ட்டயாவது சொல்லியிருக்கியா?"

"அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. இன்னிக்குத் தள்ளத்தான் போனேன். சத்தியமா. கொடி விழுந்துச்சு. கால் வரல. உன் இன்ஜின் பேருல பழி விழும்னு அப்ப தோணவே இல்ல. முதல் சுத்துல உன் பலகையப் பார்த்தப்பதான் தோணிச்சு."

  அவன் கணுக்காலைக் கழுவிக் கட்டினேன். கட்டு சரியில்லை என்று அவனே அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் ஆறிப்போன மீனையும் உருளைக்கிழங்கையும் தின்றோம்.

மறுநாள் காலையில் ஷிம்மின் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். மடித்த செய்தித்தாளை நீட்டினார். ஓரமெல்லாம் பென்சில் கணக்கு.

"நகல் இல்ல," என்றார்.

"இல்ல," என்றேன். "அடுத்த வருஷம் கொண்டு வர்றேன். அதுக்கும் அடுத்த வருஷமும் ஓடுவோம். நகல் வர்ற வரைக்கும் உங்கள விடப் போறதில்ல."

"அடுத்த வருஷம் வரைக்கும் அந்த மேஜைய யாரு தொடைக்கிறது?" என்று கேட்டார். "முப்பதுலேர்ந்து இருபத்திரண்டு போனா எட்டு. எட்டு விநாடி உள்ளதான் உன் வண்டி. எனக்குக் கழித்தல் தெரியும். ஓட்டுறவன் நின்னதுக்கு இன்ஜின் என்ன பண்ணும்? அவன் மட்டும் நேத்து வாயைத் தொறக்கலேன்னா, இன்ஜின் மக்கர் பண்ணுச்சுன்னே நினைச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

உள்ளே சீசர் இருப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல சிரிக்கிறானுங்க. சிரிக்கட்டும். எங்கப்பா போர்ட் செயின்ட் மேரியில படகு வச்சிருந்தவரு. நானா இருந்தாலும் அந்த இடத்துல நின்னுதான் இருப்பேன். யார்ட்டயும் சொல்லிடாத." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "திங்கட்கிழமை. எட்டு மணிக்கு."

திங்கட்கிழமை சீசர் என்னோடு ராம்சே வரை வந்தான். வழியெல்லாம் பையன்கள் "மூணாவது படகு" என்று கூப்பிட்டார்கள். அவன் கைகூட ஆட்டினான். கராஜ் வாசலில் என் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்றான். போகச் சொன்னேன். போகவில்லை.

எட்டு அடித்தது. ஷிம்மின் உள்ளேயிருந்து கதவைத் திறந்தார். முதல் மெக்கானிக், கிழவர், சுருட்டை அணைத்துவிட்டு உள்ளே போனார். இரண்டாவது ஆள், என் வயதுக்காரன், பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது, வாசற்படியில் கால் வைத்தான். அடுத்தது நான். மூன்றாவது.

திரும்பிப் பார்த்தேன். சீசர் கையைக்கூட அசைக்கவில்லை. கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் கோட்டுப் பையில், எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

நான் எட்டி அந்த இரண்டாவது ஆளின் முழங்கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றேன். "சேர்ந்தே போகலாம்."

அவன் என் முகத்தைப் பார்த்தான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்தான். ராம்சேயும் துறைமுகம்தான். ஏன் என்று கேட்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி எனக்கு இடம் விட்டான். தோளும் தோளும் கதவில் இடிக்க, இரண்டு பேரும் ஒரே எட்டில் உள்ளே போனோம். அதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. முப்பது விநாடி ஆகியிருந்தாலும் நின்றிருப்பேன்.